பின்னால் போ என்பதற்கு ஹார்ன் இல்லை

சைலஸும் ஷைலாவும் வாயால் பேசிக்கொண்டதைவிட ஹார்ன் அடித்துப் பேசிக்கொண்டதுதான் அதிகம் என்று சைலஸின் தாய் ஐடா அம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பாள். மாமியார் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பதுதான் நல்லது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவள் ஒன்றும் கூட்டிச் சொல்லிவிடவில்லை.

ஷைலாவுக்கு வானத்தைப் படம் பிடிக்கிற பைத்தியம். மழைக்கு முன்னால் கறுத்துக்கொண்டு வருகிற மேகம், தூரத்து மின்னல், வெயிலும் மழையும் ஒன்றாக அடிக்கிற சாயங்காலம், இவைதான் அவளுக்கு வேண்டும். அதையும் காருக்குள் உட்கார்ந்துகொண்டுதான் எடுப்பாள். சொகுசுக்காக இல்லை. கோலார் தங்க வயலில் காற்று கிளம்பினால் சைனைட் மேட்டுத் தூசியும் சேர்ந்து கிளம்பும். சுரங்கக் கல்லை மாவாக அரைத்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் காலங்காலமாகக் கொட்டிக் கொட்டி மலை மலையாக ஆக்கிவிட்டுப் போன மேடுகள் அவை. ஜோலார்பேட்டையிலிருந்து கல்யாணமாகி வந்தவளுக்கு அந்தத் தூசி முதல் வருஷமே நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு மூச்சு சேர்த்து இழுத்தால் போதும், இழுப்பு வந்துவிடும். இன்ஹேலர் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டாள்.

அதனால் புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். காரை மேட்டுக்கு எட்ட நிறுத்திவிட்டு, சைலஸ் மட்டும் இறங்கி மேலே ஏறிப் போவான். ஷைலா டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து கண்ணாடியைப் பாதி இறக்கி, அதன்மேல் கேழ்வரகு நிரப்பிய ஒரு பையை வைப்பாள். அவனுடைய பழைய ஃபேக்டரி யூனிஃபார்ம் பேண்டைக் கிழித்து அவளே தைத்த பை. அதன்மேல் கேமரா ஆடாமல் உட்காரும். அவன் சிவப்பு டீஷர்ட் போட்டுக்கொண்டு உச்சியில் போய் நிற்பான். படத்தில் ஒரு ஆள் இருந்தால்தான் மேடு எவ்வளவு பெரிசு, மேகம் அதைவிட எவ்வளவு பெரிசு என்று பார்க்கிறவர்களுக்குப் புரியும். கீழேயிருந்து கத்தினால் மேலே கேட்காது. ஹார்ன் கேட்கும். ஒரு நீளமான ஹார்ன் என்றால் அசையாமல் நில். இரண்டு சின்ன ஹார்ன் என்றால் படம் முடிந்தது, இறங்கி வா. மூன்று அடித்தால் இன்னும் கொஞ்சம் முன்னால் வா.

பின்னால் போ என்பதற்கு ஹார்ன் வைக்கவில்லை. அது வேண்டியிருந்ததே இல்லை. படத்துக்கு அவன் எப்போதும் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தால்தான் நன்றாயிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார் டிக்கியில் ஷைலாவின் சூட்கேஸ் இருந்தது. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவேண்டியதையெல்லாம் சர்ச்சுக்குப் போய் வந்த கையோடு அடுப்படியிலேயே பேசித் தீர்த்துவிட்டார்கள். அவளுக்கு வேலை பெங்களூரில். விடிவதற்கு முன்னால் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். நடுவில் இந்தத் தூசி. இப்படியே போனால் நுரையீரல் கெட்டுப்போகும், ஊரை மாற்றுங்கள் என்று டாக்டர் ஒருமுறைக்கு மூன்றுமுறை சொல்லிவிட்டார். ஆபீசுக்குப் பக்கத்தில் ரூம் பார்த்தாயிற்று, நீங்களும் வாங்க, உங்க கைவேலைக்கு அங்கே வேலையா கிடைக்காது என்று அவள் மாசக்கணக்கில் கெஞ்சினாள். அவன் அசைந்துகொடுக்கவில்லை. அம்மா இருக்கிறாள், வீடு இருக்கிறது, ஃபேக்டரியில் நிரந்தர வேலை இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அவள், நீங்கள் வராவிட்டால் நான் மட்டும் போகிறேன், இன்றைக்குச் சாயங்கால வண்டிக்கே போகிறேன் என்றாள்.

சைலஸ் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "போறதுன்னா போ, ஷைலா. நான் பின்னாடி ஓடியாருவேன்னு மட்டும் நெனச்சிக்காத."

வீம்பு பிடித்தவன். அவனுடைய அப்பா ஏசுபாதம் சுரங்கத்தில் வேலை செய்தவர், அவருக்கும் இதே வீம்புதான் என்பார்கள். ஆனால் சாயங்காலம் மேகம் திரண்டபோது கார் சாவியை எடுத்ததும் அவன்தான். கிழக்கே வானம் கன்னங்கரேலென்று ஏறிக்கொண்டிருந்தது. "ஸ்டேஷனுக்குப் போற வழிதானே. கட்சியா ஒரு படம் எட்த்துட்டுப் போ" என்றான். கடைசியாக என்று அவன் சொன்னது ஷைலாவுக்குச் சுருக்கென்று தைத்தது. போய்க் காரில் ஏறிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க ராத்திரியில் மழை. பகலில் அடித்த வெயிலில் மேட்டின் மேல்தோல் மட்டும் காய்ந்து மாவாகியிருந்தது. உள்ளே எவ்வளவு தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மேட்டின் மேற்குப் பக்கத்தில் ஒரு முனை, வீட்டுக்கூரையின் தாழ்வாரம் போலக் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். ஊரில் அதை மூக்கு என்பார்கள். மூக்குக்கு நேர் கீழே மழைத்தண்ணீர் அறுத்துவைத்த ஒரு ஓடை. அதன் வழியாகத்தான் சைலஸ் ஏறுவதும் இறங்குவதும். இன்னொரு வழி வடக்குக் கோடியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் டிராலி ஏறிப் போன சரிவான பாதை. அது சுற்றுவழி. அந்தப் பாதையின் அடிவாரத்தில்தான் மண்சாலை ஸ்டேஷன் ரோட்டில் போய்ச் சேர்கிறது.

காரை வழக்கமான இடத்தில் நிறுத்திவிட்டு, செல்போனைச் சார்ஜரிலேயே விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அவன் நடந்தான். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஷைலா டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தாள். கண்ணாடியை இறக்கிக் கேழ்வரகுப் பையைச் சரிசெய்து கேமராவை வைத்தாள். கை தானாக வேலை செய்தது, மனம் ரயிலில் இருந்தது.

ஆனால் வானத்தைப் பார்த்ததும் மனமும் அங்கே போய்விட்டது. அவளுக்கு முதுகுப் பக்கம் மேற்கில் சூரியன் மேகத்துக்கு அடியில் நுழைந்து வந்துகொண்டிருந்தது. எதிரே மையைக் கொட்டியது போன்ற கருமேகம். நடுவில் அந்தச் சாம்பல் மேடு வெயில் பட்டுத் தகதகவென்று மஞ்சளாக மின்னியது. மேட்டின் விளிம்பிலிருந்து காற்று தூசியை வாரி வாரி வெள்ளைத் துணியாக உதறிக்கொண்டிருந்தது. நாலு வருஷமாக அவள் காத்திருந்த வானம் அது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள்! இன்றைக்குப் போய், போகிற அன்றைக்குப் போய், இது வந்து வாய்த்தது.

மேட்டு உச்சியில் மூக்குக்குப் பின்னால் சிவப்பு டீஷர்ட் தெரிந்தது. ஷைலா மூன்று ஹார்ன் அடித்தாள். அவன் முன்னால் வந்தான். இன்னும் மூன்று. வந்தான். முனையில் வந்து நின்றான். ஒரு நீள ஹார்ன். நின்றான். அவள் எடுத்தாள், எடுத்துக்கொண்டே இருந்தாள். மின்னல் ஒன்று மேகத்துக்குள்ளேயே கிளைத்து ஓடியது, அதுவும் விழுந்தது படத்தில். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுகையும் அதே சமயத்தில் வந்தது.

அப்போதுதான் தரை அதிர்ந்தது.

பெரிசாக ஒன்றுமில்லை. கார் ஒருமுறை சிலிர்த்துக்கொண்டது. டேஷ்போர்டில் இருந்த சைலஸின் போன் கிலுகிலுவென்று நகர்ந்து நின்றது. வேறு ஊரில் இப்படி ஆனால் ஜனம் பதறியடித்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியே வரும். இங்கே யாரும் பதற மாட்டார்கள். சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும் பூமிக்கடியில் எங்கேயோ பாறை வெடித்து ஊர் ஆடுவது நிற்கவில்லை. பர்ஸ்ட் என்பார்கள். பர்ஸ்ட் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது இந்த ஊரில் நாக்கு திரும்பாத குழந்தைக்கும் தெரியும். நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஓடக் கூடாது. கீழே சுரங்கத்து லெவலில் முதல் பர்ஸ்டுக்குப் பயந்து ஓடினவன்தான் இரண்டாவதில் மாட்டிக்கொண்டான் என்று ஏசுபாதம் காலத்திலிருந்து சொல்லிச் சொல்லி, மேலே வீட்டிலும் அதுவே பழக்கமாகிவிட்டது. இரண்டாவது அதிர்வு வந்து போகும்வரை யாரும் அசைய மாட்டார்கள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அலமாரியில் பாத்திரங்கள் தடதடவென்று ஆடின. ஷைலா அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். திரும்பிப் பார்த்தால் ஐடா அம்மாள் கையில் கரண்டியோடு அடுப்பருகில் அப்படியே நிற்கிறாள். சைலஸ் பாதி சவரம் செய்த முகத்தோடு நிலைக்கண்ணாடி முன்னால் நிற்கிறான். எதிர்வீட்டில், பக்கத்துவீட்டில், எல்லோரும் நிற்கிறார்கள். இரண்டாவது அதிர்வு வந்து போனது. பிறகு தெருவே சிரித்தது. ஜோலார்பேட்டைக்காரி ஓடுகிறாள் என்று மாசக்கணக்கில் கேலி. அதற்கப்புறம் அவளும் நிற்கக் கற்றுக்கொண்டாள்.

இப்போதும் அதைத்தான் செய்தாள். கேமராவிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இரண்டாவது அதிர்வுக்குக் காத்திருந்தாள். மேலே சைலஸும் காத்திருந்தான்.

இரண்டாவது வரவில்லை.

எப்போதும் வருமே, ஏன் வரவில்லை என்று ஷைலா கேமராவில் கண்ணை வைத்தாள். சும்மா சைலஸின் முகத்தைப் பார்க்கலாம் என்றுதான் ஜூமை இழுத்தாள். முகம் அமைதியாகத்தான் இருந்தது. கண்ணைக் கீழே இறக்கினாள். அவன் கால்களுக்குப் பின்னால், மூக்கு மேட்டோடு சேருகிற இடத்தில், கறுப்பாக ஒரு கோடு போயிருந்தது. முதலில் எடுத்த படங்களில் அது இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோட்டின் ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. மூக்குக்குக் கீழே சரிவின் நடுவில் சாம்பல் நிறச் சேறு பிதுங்கி ஒழுகிக்கொண்டிருந்தது.

பர்ஸ்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மேடு உடைகிறது.

ஷைலாவின் கை தானாகப் போய் ஹார்னில் விழுந்தது. விழுந்த கை எழவில்லை. நீளமாக, விடாமல் அலறியது ஹார்ன். மேலே சைலஸ் முதுகை நிமிர்த்திக்கொண்டு, தாடையைத் தூக்கிக்கொண்டு, ஆணி அடித்த மாதிரி நின்றான்.

அசையாமல் நில் என்றல்லவா அடித்துவிட்டாள்! பாவி, வேறு எந்தப் பேச்சையும் கேட்காதவன் இதை மட்டும் எழுத்துப் பிசகாமல் கேட்கிறான். அவள் கையை இழுத்துக்கொண்டு இரண்டு அடிக்கப் போனாள். முதல் ஹார்னை அடித்தும் விட்டாள். இரண்டாவதற்குள் ஓடை கண்ணில் பட்டது. இறங்கி வா என்றால் அவன் அந்த ஓடை வழியாகத்தான் இறங்குவான். மூக்குக்கு நேர் கீழே. சேறு இப்போது ஓடைக்குள்தான் கொட்டிக்கொண்டிருந்தது. கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டாள்.

மூன்று அடித்தால் முன்னால் வருவான். முன்னால் ஆகாயம்தான் இருக்கிறது.

கதவைத் திறந்துகொண்டு வெளியே குதித்தாள். காற்று முகத்தில் அறைந்தது. மேட்டிலிருந்து அவளைப் பார்த்து அடிக்கிற காற்று, இவள் குரல் எங்கே போய்ச் சேரும்? "பின்னால போங்க, பின்னால!" என்று கத்தினாள். இரண்டாவது தடவை கத்தும்போது தூசி தொண்டைக்குள் போய்விட்டது. நெஞ்சு இறுகிக்கொண்டது. இரண்டு கைகளையும் முன்னால் தள்ளித் தள்ளிக் காட்டினாள், போ, போ என்று. சைலஸ் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கையைத் தூக்கி ஆட்டினான். டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. பிறகு அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்காகக் காதருகில் கையை வைத்துக்கொண்டு, ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தான்.

அவள் கையை உடனே கீழே போட்டாள். காருக்குள் விழுந்து கதவைச் சாத்தினாள். இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். மூச்சு ஊசிமுனை அளவுக்குத்தான் போனது. ஏறிப்போய் அவனை இழுத்துவர அவளால் ஆகாது, ஆகுமென்றாலும் வழி அந்த ஓடைதான். போன் பண்ணலாம் என்றால் அவன் போன் இங்கே டேஷ்போர்டில் சமர்த்தாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. யாரையாவது கூப்பிடலாம் என்றால் மழைக்குப் பயந்து கண்ணுக்கெட்டின தூரம்வரை ஒரு ஈ காக்கை இல்லை. கர்த்தரே, கர்த்தரே என்று சொல்லிக்கொண்டே ஸ்டியரிங்கைக் குத்தினாள். மழையின் முதல் துளிகள் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக விழுந்தன.

அவனைப் பின்னால் போகவைக்க வேண்டும். பின்னால் போய், வெடிப்பைத் தாண்டி, மேட்டின் மேலேயே வடக்கே ஓடவைக்க வேண்டும். வடக்கே டிராலிப் பாதை இருக்கிறது. வடக்கே ஸ்டேஷன் ரோடு இருக்கிறது.

டிக்கியில் சூட்கேஸ் இருக்கிறது.

அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கே ஒரு கணம் அருவருப்பாக இருந்தது. ஆனால் நின்று யோசிக்க நேரம் ஏது? சாவியைத் திருப்பினாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் சைலஸ்தான். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தபடியே கற்றுக்கொடுத்தான், அவள் தனியாக ஓட்டியதே இல்லை. கார் ஒருமுறை எகிறி அணைந்தது. மறுபடி திருப்பினாள். கிளம்பியது. ஸ்டியரிங்கை ஒடித்து வடக்கே திருப்பினாள். கதவின் மேலிருந்த கேழ்வரகுப் பை சரிந்தது. கேமரா வெளியே விழுந்த சத்தம் கேட்டது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கேமரா, நாலு வருஷமாகக் காத்திருந்த வானம் அதற்குள் இருந்தது. அவள் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுக்கவில்லை.

சைடு கண்ணாடியில் பார்த்தாள். சைலஸ் நின்றுகொண்டிருந்தான். கார் போவதைப் பார்க்கிறான். புரியவில்லை அவனுக்கு. கொஞ்ச தூரம் போனதும் புரிந்திருக்க வேண்டும், இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டான்.

"ஓடியாங்க" என்று ஷைலா சொன்னாள். மூச்சு இல்லாததால் அது வெறும் உதட்டசைவாகத்தான் வந்தது.

அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பின்னாடி ஓடியாருவேன்னு நெனச்சிக்காத. சொன்னான் அல்லவா, சொன்னபடி நிற்கிறான். ஷைலாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கட்டின பெண்டாட்டி பெட்டியோடு போகிறாள், ஒரு எட்டு எடுத்து வைக்க உனக்குக் கௌரவம் தடுக்கிறதா? செத்துப் போ. அப்படியே நின்று செத்துப் போ. அய்யோ, வேண்டாம் ஆண்டவரே, நான் சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதேயும். திட்டிக்கொண்டும் ஜெபம் பண்ணிக்கொண்டும் ஓட்டினாள். மெதுவாகப் போனால் மிரட்டுகிறாள் என்று நினைப்பான். நிஜமாகவே போக வேண்டும். அவன் நம்பும்படி போக வேண்டும். கியரை மாற்றினாள், வண்டி உறுமிக்கொண்டு பள்ளத்தில் விழுந்து எழுந்து ஓடியது.

நாலு வருஷத்தில் அவன் அவளிடம் ஆசையாகப் பேசிய பேச்சை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஞாயிற்றுக்கிழமையானால் சிவப்பு டீஷர்ட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வான், அவ்வளவுதான். அந்த டீஷர்ட்டை நம்பித்தான் இப்போது அவள் அவன் உயிரைப் பணயம் வைத்திருக்கிறாள். அவன் நிஜமாகவே போனால் போகட்டும் என்று நினைக்கிற ஆளாயிருந்தால் என்ன செய்வது? அதைத் தெரிந்துகொள்ள இதைவிட மோசமான நேரம் ஒன்று கிடையாது.

மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. கண்ணாடியில் மேடு தெரிந்தது, மூக்கு மங்கலாகத் தெரிந்தது, சிவப்பு தெரியவில்லை. ஓடுகிறானா, நிற்கிறானா, விழுந்துவிட்டானா? கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மழை மூக்கையும் மறைத்துவிட்டது.

டிராலிப் பாதையின் அடிவாரத்துக்கு வந்து பிரேக்கை மிதித்தாள். வண்டி அரைவட்டம் அடித்துச் சேற்றில் நின்றது. அதே நேரத்தில் தரை மறுபடி அதிர்ந்தது. இந்த முறை சத்தமும் வந்தது. இடி இல்லை, இடி மேலே கேட்கும். இது கீழேயிருந்து, பெரிய பெரிய மூட்டைகளை யாரோ லாரியிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளுவது மாதிரி வந்தது. மழைக்கு நடுவே தெற்குப் பக்கம் சாம்பல் புகை எழுந்து, எழுந்த வேகத்திலேயே நனைந்து அடங்கியது. அடங்கினதும் மூக்கு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

ஷைலா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு டிராலிப் பாதையின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைப்பர் போட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அவள் நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் போய் வந்துகொண்டிருந்தது. ஐடா அம்மாளிடம் போய் என்ன சொல்வது? நீங்கள் பெற்ற பிள்ளை ஓடிவருவான் என்று நினைத்தேன், வரவில்லை என்றா?

முன்கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ வந்து மோதியது. கை. உள்ளங்கை முழுக்கச் சேறு. டமடமவென்று கண்ணாடியை அடித்தது.

தலையிலிருந்து கால்வரை சேறாக, ஒரு காலில் மட்டும் செருப்போடு, சைலஸ் நின்றான். சிவப்பு எது, சேறு எது என்று தெரியவில்லை. வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. ஷைலா கதவைத் திறந்தாள்.

"இன்னாடி நெனச்சிக்கினு கீற? போறதுன்னா போ, வாணான்னு யாரு சொன்னது? ஸ்டேஷன்ல வுட்றேன்னு சொன்னேன் இல்ல? மழைல நடுரோட்ல வுட்டுட்டு..." மூச்சு வாங்கியது அவனுக்கு. "கூப்டா திரும்பிக்கூடப் பாக்கல. உயிரு போற மாதிரி கத்திக்கினே வரேன்..."

ஷைலா கையைத் தூக்கித் தெற்கே காட்டினாள்.

அவன் எரிச்சலோடுதான் திரும்பினான். திரும்பினவன் அப்படியே நின்றான். மழையில் கொஞ்ச நேரம் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காரின் பக்கவாட்டில் முதுகைத் தேய்த்துக்கொண்டே சரிந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

அவனை எழுப்பி உள்ளே உட்காரவைக்க அவள் படாத பாடு பட்டாள். உட்கார்ந்ததும் அவன் செய்த முதல் காரியம், காலடியில் உருண்டு கிடந்த இன்ஹேலரைத் தேடி எடுத்துத் தன் கையாலேயே அவள் வாயில் வைத்து அழுத்தியது. அவள் மூச்சு ஒரு நிதானத்துக்கு வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"பர்ஸ்ட்டுன்னு நெனச்சேன்" என்றான் சைலஸ். குரல் அடங்கியிருந்தது. "ரெண்டாவது வந்துட்டுப் போவட்டும்னு நின்னுக்கினு இருந்தேன். மண்ணு சரியுதுன்னு நீ எப்டி கத்தியிருந்தாலும் நான் ஆடியிருக்க மாட்டேன் ஷைலா. நின்னுதான் இருப்பேன். வண்டி திரும்பிச்சி பாரு. அப்பகூட நின்னேன். ஸ்டேஷன் ரோட்டுப் பக்கம் பூட்ட. அப்புறம் காலு நிக்கல."

ஷைலா அழுதாள். அழுகையிலும் ஒரு வஞ்சம் இருந்தது, அதை அப்படியே விழுங்கிவிட அவளுக்கு மனம் வரவில்லை. "பின்னாடி ஓடியார மாட்டேன்னு சொன்னீங்களே" என்றாள்.

சைலஸ் தன் வெறுங்காலைப் பார்த்தான். கட்டைவிரலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. முகத்திலிருந்த சேற்றை முழங்கையால் துடைத்தான்.

"பின்னாடி எங்க ஓடியாந்தேன்? நீ ரோட்ல சுத்திக்கினு போன. நான் மேட்டு மேலயே குறுக்கால வந்தேன்" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி அழுகையானது. அவன் அவளைப் பக்கத்து சீட்டுக்கு நகரச் சொல்லி ஸ்டியரிங்கின் முன்னால் வந்து உட்கார்ந்தான். கேமரா அங்கேயே விழுந்து கிடக்கிறது என்று அவள் சொன்னபோது, கிடக்கட்டும் என்று மட்டும் சொன்னான். வைப்பரைப் போட்டான். எதிரே ஸ்டேஷன் ரோடு தெரிந்தது, இடது பக்கம் வீட்டுக்குப் போகிற ரோடு தெரிந்தது. அவன் காரை நேராக விட்டான்.

"அம்மாவுக்கு ஒரு போன் போடு" என்றான். "நாளைக்கு ஃபேக்டரிக்கு லீவுன்னு சொல்லு. ரூமு எப்டி கீதுன்னு நானும் பாக்கணும் இல்ல."